மேனேஜர் ஆனால்தான் வளர்ச்சியா?

“இன்னும் கோடிங்தான் எழுதிக்கிட்டு இருக்கியா?” தீபாவளிக்கு ஊருக்கு வந்த பையனைப் பார்த்து மாமா கேட்கும் கேள்வி இது. கல்யாணப் பேச்சு நடக்கும் இடத்தில் இதையே சற்று மரியாதையாகக் கேட்பார்கள்: “தம்பிக்குக் கீழே எத்தனை பேர் வேலை பார்க்கிறாங்க?” யாருமில்லை என்று பதில் வந்தால் பேச்சு தேங்கிவிடும். அந்தத் தம்பி பத்து வருஷமாக ஒரு வங்கியின் மென்பொருளைக் கட்டிக் காப்பவராக இருக்கலாம். நள்ளிரவில் அது நின்றுபோனால் மேனேஜரே போன் போட்டு எழுப்புவது அவரையாகவே இருக்கலாம். ஆனாலும் அவர் ‘வளரவில்லை’ என்றுதான் வீடு நினைக்கிறது. அலுவலகம் நினைப்பதும் அதையே.

இந்த நினைப்புக்குப் பின்னால் ஒரு கோட்பாடு நிற்கிறது. வேலை தெரிந்தவர் வேறு, வேலை வாங்கத் தெரிந்தவர் வேறு என்பது அதன் தொடக்கம். நிர்வாகம் தனி வித்தை, அதைக் கற்றவர் சிமென்ட் ஆலையையும் நடத்துவார், மருத்துவமனையையும் நடத்துவார் என்பது அதன் நடு. வல்லுநர் மேலே வர ஆசைப்பட்டால் கருவியைக் கீழே வைத்துவிட்டு ஆட்களை மேய்க்கப் பழகட்டும், இல்லாவிட்டால் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்பது அதன் முடிவு. இதை மறுக்க வேண்டியிருக்கிறது. இது வெறும் சம்பளப் பிரச்சினை அன்று. இந்தக் கோட்பாட்டால் வேலை கெட்டிருக்கிறது, தொழில்கள் அழிந்திருக்கின்றன, உயிர்களும் போயிருக்கின்றன.

வார இறுதிகளில் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காட்டுக்கு வரும் வண்டிகளில் கம்பெனி வண்டிகளும் உண்டு. ரிசார்ட் கூடங்களில் ‘தலைமைப் பண்பு’ வகுப்புகள் நடக்கும். நேற்று வரை வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு இனி எப்படி வேலை செய்யாமல் செய்விப்பது என்று அங்கே சொல்லித்தரப்படுகிறது. வந்தவர்கள் ஏரியையும் லேடீஸ் சீட்டையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். ஹோலி டிரினிடி தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் குறைவு. ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் அஸ்தி அங்கேதான் இருக்கிறது.

ஃபுட் 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் சக ஊழியர் வில்லியம் கிங்கோடு அத்திரம்பாக்கத்தில் மேலும் ஆயுதங்களைக் கண்டார். சேலம், திருச்சி, தஞ்சை, தென்னாற்காடு பகுதிகளின் நிலவியலை இருவரும் சேர்ந்து 1864இல் எழுதி வெளியிட்டார்கள். பின்னாளில் கிங் துறையின் இயக்குநர் ஆனார், ஃபுட் ஆகவில்லை. 33 ஆண்டுகள் பாறையோடும் மண்ணோடும் உழைத்து 1891இல் ஓய்வு பெற்றார், பிறகு பரோடா சமஸ்தானத்துக்கு நிலவியலாளராகப் போனார், ஏற்காட்டில் வீடு வைத்துக்கொண்டார், 1912இல் இறந்தார். கிங்கும் தேர்ந்த நிலவியலாளர்தான், அவரைக் குறைத்துப் பேச இடமில்லை. கவனிக்க வேண்டியது இதுதான்: களத்தில் நின்றவரைக் களத்திலேயே 33 ஆண்டுகள் மதிப்போடு வைத்திருக்கும் ஏற்பாடு அந்தத் துறையில் இருந்தது. அவர் சேர்த்த பொருள்களைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் விலைகொடுத்து வாங்கியது. அத்திரம்பாக்கத்து ஆயுதங்களின் காலம் 15 லட்சம் ஆண்டுகள் வரை போகிறது என்று 2011இல் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் நிறுவியபோதும் தொடக்கப்புள்ளி ஃபுட்தான். இன்றைய கம்பெனிக் கணக்குப்படி அவர் பதவி உயர்வு கிடைக்காமல் தேங்கிப்போனவர்.

ஏற்காட்டிலேயே எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. அது இந்த மலையின் காப்பித் தோட்டங்களில் இருக்கிறது.

1820களில் சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். இன்று பெரிய எஸ்டேட்டுகளோடு, தலைச்சோலை போன்ற மலைக்கிராமங்களின் சிறு தோட்டங்களிலும் காப்பியும் மிளகும் விளைகின்றன. பழ எடுப்புக் காலத்தில் ஒரு பல்பர் ஹவுஸுக்குள் நின்று பார்த்தால் ‘வேலை தெரிவது’ என்றால் என்னவென்று தெரியும். அன்றைக்குப் பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் விட்டுத் தோலை உரித்துவிட வேண்டும். வழவழப்பு ஒட்டிய கொட்டை தொட்டியில் விழும். அந்த வழவழப்பு புளித்துக் கழன்றுவர ஒரு நாளும் ஆகலாம், ஒன்றரை நாளும் ஆகலாம். பனி இறங்கிய இரவென்றால் இன்னும் இழுக்கும். முந்திக் கழுவினால் பசை போகாமல் காயும். பிந்தினால் கொட்டையில் புளிப்பு நாற்றம் ஏறி அந்தத் தொட்டியின் தரமே போய்விடும். இன்ன மணிக்கு எடு என்று எந்தக் கடிகாரமும் சொல்லாது. மேஸ்திரி ஒரு கை அள்ளி, நீரில் அலசி, உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்துப் பார்ப்பார். வழுக்காமல் சரளைக்கல்லைத் தேய்த்தாற்போல் நறநறவென்றால் கழுவலாம். குவியலில் ஒரு குச்சியைச் செருகி உருவுவார். ஓட்டை மூடாமல் அப்படியே நின்றால் அதுவும் ஒரு சாட்சி. ஒரு வருஷத்து உழைப்பு முழுவதும் அந்த உள்ளங்கையின் தீர்ப்புக்குக் காத்திருக்கிறது.

அந்த உள்ளங்கைக்கு எஸ்டேட் அடுக்கில் எந்த இடம்? உச்சியில் துரை, அவருக்குக் கீழே சின்னத்துரை, அப்புறம் ரைட்டர், கண்டக்டர், அதற்கும் கீழே மேஸ்திரி. வெள்ளைக்காரர் காலத்தில் சின்னத்துரையாக வந்த இளைஞர்களில் பலர் காப்பிச் செடியை முதன்முதலில் பார்த்ததே தோட்டத்துக்கு வந்த பிறகுதான். நல்ல பள்ளி, நல்ல குடும்பம், விளையாட்டு, ஆளை அதட்டும் குரல் இருந்தால் போதும். இலங்கைத் தோட்டங்களில் இப்படிப் பழக வந்தவர்களைக் ‘கிரீப்பர்’ என்பார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் இலை எவ்வளவு வாட வேண்டும், எப்போது அடுப்புக்குப் போக வேண்டும் என்று மூக்கால் முடிவுசெய்யும் டீமேக்கர் பெரும்பாலும் டீமேக்கராகவே ஓய்வு பெற்றார். துரை பங்களாவுக்குப் போகும் வழி அவருக்குத் திறந்ததே அரிது. நாடு விடுதலை அடைந்தது. பங்களாக்களில் ஆட்கள் மாறினார்கள், அடுக்கு மாறவில்லை. கண்ணாடிக் கட்டடங்களில் இயங்கும் இன்றைய கம்பெனிகளுக்கும் அந்த அடுக்கின் புத்தி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தப் புத்தியின் விலையை இலங்கை கொடுத்தது. 1869இல் அங்கே காப்பி இலையில் துருநோய் தென்பட்டது. பேராதனைத் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ஜார்ஜ் த்வைட்ஸ் அது புதிய பூஞ்சை என்று உணர்ந்து மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். நோய் கடுமையானது என்று எச்சரித்தார். காப்பி விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. நல்ல உரம் போட்டால் சரியாகும், மழை மாறினால் சரியாகும் என்று நம்பிய தோட்டக்காரர்கள் புதுக் காடுகளை அழித்து மேலும் காப்பி நட்டார்கள். தாவரவியலாளர் ஹாரி மார்ஷல் வார்ட் 1880இல் வரவழைக்கப்பட்டார். பூஞ்சையின் வித்துகள் காற்றில் பரவுவதையும், மலை முழுக்க ஒரே பயிர் இடைவெளியில்லாமல் நிற்பது அதற்கு எவ்வளவு வசதி என்பதையும் இரண்டு ஆண்டுகளில் விளக்கிவிட்டார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. நூற்றாண்டு முடிவதற்குள் இலங்கைக் காப்பி ஏறக்குறைய அழிந்தது. தாவரம் தெரிந்தவருக்கு அறிக்கை எழுதும் உரிமை இருந்தது. இனி நடாதே என்று நிறுத்தும் உரிமை இல்லை. தமிழகத்திலிருந்து கப்பலேறிப்போன தொழிலாளர்கள்தான் அந்தச் சரிவைத் தங்கள் வயிற்றில் தாங்கினார்கள்.

காப்பி போன இடத்தில் தேயிலைக்கு வழிகாட்டியவர் ஜேம்ஸ் டெய்லர். லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டு, பங்களா வராந்தாவிலேயே கையால் உருட்டிப் பழகி, பிறகு உருட்டும் இயந்திரத்தையும் தானே வடிவமைத்தவர். நாற்பது ஆண்டுகள் அதே தோட்டத்தில் வேலை பார்த்த அவரை 1892இல் நிர்வாகம் விலகச் சொன்னது. அந்த ஆண்டே இறந்தார்.

பழைய கதை, இன்றைக்குப் பொருந்தாது என்பார்கள். இன்றைய வாதங்களுக்கே வருவோம்.

முதல் வாதம், வல்லுநர்களுக்கு ஆட்களை நடத்தத் தெரியாது என்பது. இதற்கு ஆதாரம்கூடக் காட்டுவார்கள். ஆலன் பென்சன், டேனியெல் லீ, கெல்லி ஷூ ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுகளைப் பார்த்தது. மிக அதிகம் விற்றவர்களே மேனேஜர் ஆக்கப்பட்டார்கள். அப்படி ஆனவர்களின் கீழ் வேலை பார்த்தவர்களின் விற்பனை குறைந்தது. ‘பார்த்தீர்களா, வல்லுநர் மேனேஜர் ஆகக் கூடாது’ என்று இதை ஆட்டிக்காட்டுகிறார்கள். ஆனால் அந்த ஆய்வு உண்மையில் குற்றம் சாட்டுவது யாரை? நன்றாக விற்பவருக்குக் கொடுப்பதற்கு மேனேஜர் நாற்காலியைத் தவிர வேறு பரிசே இல்லாத நிறுவனத்தை. விற்பவராகவே அவருக்குச் சம்பளமும் மதிப்பும் ஏறியிருந்தால் கம்பெனிக்கு நல்ல விற்பனையாளர் மிஞ்சியிருப்பார், அந்த நாற்காலிக்கும் பொருத்தமான ஒருவர் வந்திருப்பார். இரண்டையும் இழந்துவிட்டுப் பழியை வல்லுநர் தலையில் போடுவது நியாயமல்ல.

எதிர்த்திசையில் பேசும் ஆய்வுகளும் உண்டு, அவற்றை யாரும் பயிற்சி வகுப்பில் காட்டுவதில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சுமார் 35,000 ஊழியர்களின் தரவுகளை வைத்து ஆர்ட்ஸ், குடால், ஆஸ்வால்ட் மூவரும் பார்த்தபோது, வேலையில் ஒருவருக்கு இருக்கும் திருப்தியோடு மிக வலுவாகச் சேர்ந்துவந்தது சம்பளம் அன்று. மேலதிகாரிக்கு அந்த வேலை தெரிந்திருப்பது. தேவைப்பட்டால் என் வேலையை அவரே செய்வார் என்ற நம்பிக்கை. தமிழ்நாட்டுத் தொழிற்கூடங்களில் இதற்கு ஆய்வே தேவையில்லை. லேத்தில் கைவைக்கத் தெரிந்த ஃபோர்மேன் ஒரு சொல் சொன்னால் வேலை நடக்கும். தெரியாதவர் பத்து மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவை சிகிச்சைக்குத் தன் கையைப் பழக்கியவர் அவர். அவருக்குப் பின்னும் தலைமையில் கண் மருத்துவர்கள் இருந்தார்கள். ஒரு மேசையில் ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்தவரைத் தயாராக வைப்பது போன்ற ஏற்பாடுகள், அறுவை அரங்கில் நின்ற அனுபவத்திலிருந்து பிறந்தவை. நிர்வாகம் படித்தவர்களுக்கு அங்கே இடமில்லையா என்றால், நிறைய உண்டு. கொல்கத்தா ஐஐஎம்மில் படித்த ஆர்.டி. துளசிராஜ் அந்த அமைப்பு பெரிதாக வளர்ந்ததில் முக்கியப் பங்காற்றியவர். மருத்துவத்துக்கு மேலே நிர்வாகம் என்று வைக்காமல், மருத்துவத்தோடு நிர்வாகம் என்று வைத்தார்கள். இந்தக் கட்டுரை கேட்பதும் அவ்வளவுதான்.

இரண்டாவது வாதம்தான் பெரியது. நிர்வாகம் என்பது எந்தத் தொழிலுக்கும் பொது, ஆகவே நல்ல நிர்வாகி எங்கும் செல்லுபடியாவார் என்பது. இதை மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த நிறுவனம் இந்திய ரயில்வே. ரயில்வேயில் எட்டு அதிகாரப் பணிகள் இருந்தன: சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், சிக்னல், ஸ்டோர்ஸ், போக்குவரத்து, கணக்கு, பணியாளர் என்று. இவர்களுக்குள் ஓயாத இழுபறி. எந்தத் துறைக்கு எந்த நாற்காலி என்ற சண்டையில் வேலைகள் முடங்கின. இது உண்மையான நோய், மறைக்க வேண்டியதில்லை. அதற்கு 2019 டிசம்பர் 24 அன்று மத்திய அமைச்சரவை கொடுத்த மருந்து, எட்டையும் கலந்து ‘இந்திய ரயில்வே மேலாண்மைப் பணி’ என்று ஒன்றாக்குவது. பெயரிலேயே மேலாண்மை வந்துவிட்டது. பொறியாளர்கள் தனியாகப் பொறியியல் பணித் தேர்வு வழியே வந்த பாதை மூடப்பட்டு, சிவில் சர்வீஸ் தேர்வு வழியே ஆள் எடுக்கத் தொடங்கினார்கள்.

கலெக்டர் ஆக விரும்பி வரலாறும் சமூகவியலும் படித்துத் தேர்வு எழுதிய ஒருவர், தரவரிசையில் ரயில்வே கிடைத்ததால் வருவார். அவர் அறிவாளியாகவே இருப்பார். ஆனால் தண்டவாளத்தில் ஒரு வெல்டு ஏன் குளிர்காலத்தில் விரிசல் விடுகிறது, ஒரு இன்டர்லாக்கிங்கில் எந்தக் கம்பியைக் கழற்றினால் எந்த சிக்னல் பொய் சொல்லும் என்பதை யார் முடிவு செய்வது? தொழில்நுட்ப அதிகாரிகள் போதாமல் போவது விரைவிலேயே தெரிந்தது. 2024 அக்டோபரில் அரசு திரும்பி வந்தது: தொழில்நுட்பப் பிரிவுகளுக்கு மறுபடியும் பொறியியல் பணித் தேர்வு, போக்குவரத்து, கணக்கு, பணியாளர் பிரிவுகளுக்கு சிவில் சர்வீஸ் தேர்வு. ஐந்து ஆண்டுகூட ஆகவில்லை. நாட்டின் மிகப் பெரிய முதலாளிகளில் ஒருவரான ரயில்வே, எவரும் எதையும் நிர்வகிக்கலாம் என்ற கொள்கையைத் தானே வாபஸ் வாங்கியது. தனியார் கம்பெனிகளில் இதே சோதனை நடக்கும்போது வாபஸ் வாங்க எந்த அமைச்சரவையும் கூடுவதில்லை. கம்பெனி சத்தமில்லாமல் தேயும்.

அடுத்து, வல்லுநர் மரத்தைப் பார்ப்பார், காட்டைப் பார்க்க மாட்டார் என்கிறார்கள். முழுப் படம் மேனேஜருக்குத்தான் தெரியுமாம்.

1986 ஜனவரி 27 இரவு. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் மறுநாள் காலை கிளம்ப வேண்டும். ராக்கெட்டைச் செய்துகொடுத்த மார்ட்டன் தயக்கால் கம்பெனியின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் எச்சரித்தார்கள். இணைப்புகளை மூடும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துவிடும், வெப்பநிலை 12 டிகிரிக்குக் கீழே போனால் ஏவ வேண்டாம் என்றார்கள். ரோஜர் பாய்ஜாலியும் ஆர்னி தாம்சனும் படங்களையும் எண்களையும் வைத்து வாதாடினார்கள். பொறியியல் பிரிவின் துணைத் தலைவர் பாப் லண்டும் முதலில் அவர்கள் பக்கமே நின்றார். நாசா தரப்பிலிருந்து அதிருப்தி வந்தது. கம்பெனிக்காரர்கள் தங்களுக்குள் பேசத் தொலைபேசி இணைப்பைச் சற்றுத் துண்டித்தார்கள். அப்போது மூத்த துணைத் தலைவர் ஜெரால்ட் மேசன், லண்டைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜர் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். லண்ட் மாறினார். நான்கு மேனேஜர்கள் சேர்ந்து முடிவெடுத்தார்கள். அந்த அறையில் இருந்த பொறியாளர்களுக்கு வாக்கு இல்லை. மறுநாள் கிளம்பி 73 வினாடியில் சேலஞ்சர் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

அந்த இரவில் காட்டைப் பார்த்தவர் யார்? கால அட்டவணை, வாடிக்கையாளர், அடுத்த ஒப்பந்தம் என்று ‘முழுப் படம்’ பார்த்தவர்கள் கண்ணில் படாதது ஒன்றே ஒன்றுதான்: ஓடம் வெடிக்கும் என்பது. லண்ட் பயிற்சியால் பொறியாளர். எனவே வல்லுநரைப் பதவியில் உட்கார்த்தினால் மட்டும் போதாது. மேலே ஏறும்போது தன் துறையின் கண்ணைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏறும்படி கேட்கும் அமைப்பில் யார் உட்கார்ந்தாலும் இதுதான் நடக்கும். போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் விழுந்து 346 பேர் இறந்தபோது அந்தக் கம்பெனியின் தலைவர் டென்னிஸ் மியூலன்பர்க்கும் பொறியாளரே.

இவ்வளவும் சொன்ன பிறகு மனிதவளத் துறையினர் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: எங்களிடம் இரட்டை ஏணி இருக்கிறது, ஒன்று மேனேஜர்களுக்கு, மற்றொன்று தொழில்நுட்பத்தாருக்கு. சீனியர் என்ஜினியர், லீட், ஆர்க்கிடெக்ட், பிரின்சிபல் ஆர்க்கிடெக்ட் என்று படிகள் அச்சடித்திருப்பார்கள். ஐபிஎம் 1960களின் தொடக்கத்திலேயே ‘ஃபெலோ’ என்ற பட்டத்தை ஏற்படுத்தியது, உண்மைதான். நம்மூர் கம்பெனிகளில் அந்த இரண்டாம் ஏணியை நெருங்கிப் பார்த்தால், பாதிக்கு மேல் படிகள் வரைபடத்தில் மட்டும் இருக்கும். ஆர்க்கிடெக்ட் ஆனவரின் அப்ரைசலில் ‘எத்தனை பேரை வழிநடத்தினீர்கள்’ என்ற கட்டம் முளைக்கும். பட்ஜெட் மேனேஜரிடம், ஆள் எடுப்பது மேனேஜரிடம், வாடிக்கையாளரிடம் தேதி சொல்வது மேனேஜரிடம். ஆர்க்கிடெக்டிடம் இருப்பது பெயர்ப்பலகை. அவரும் நான்கு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, புராஜெக்ட் மேனேஜர் சான்றிதழுக்குப் படிக்க ஆரம்பித்துவிடுவார்.

உண்மையான இரண்டாம் பாதை எப்படி இருக்கும் என்பதற்கு ஏற்காட்டிலேயே ஓர் அலுவலகம் இருக்கிறது. 1963இல் தொடங்கிய இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்கிட் தோட்டம் அது. சுற்றுலா வருபவர்கள் ஆர்கிட் பூக்களைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அங்கே வேலை செய்யும் அறிவியலாளர்களுக்கு சயின்டிஸ்ட் பி, சி, டி, இ என்று படிநிலை உண்டு. அடுத்த படிக்குப் போக, மேலே ஒருவர் ஓய்வு பெற்று நாற்காலி காலியாக வேண்டிய அவசியமில்லை. செய்த ஆய்வை மதிப்பிட்டு, தகுதி இருந்தால் அதே மேசையில் உட்கார்ந்தபடியே பதவியும் சம்பளமும் உயரும். நடுவண் அரசின் அறிவியல் துறைகள் பலவற்றுக்கும் பொதுவான ஏற்பாடு இது. இஸ்ரோவில் சயின்டிஸ்ட்/என்ஜினியர் எஸ்சி முதல் எஸ்ஜி, ஹெச் வரை போவதும் காலியிடத்தை நம்பி அன்று. இந்த முறையிலும் குறை உண்டு: மதிப்பீடு தாமதமாகும், உச்சிக்குப் போனவர்மேல் கோப்புகள் குவியும். ஆனாலும் செடி தெரிந்தவர் செடியை விடாமலே உயரலாம் என்பதை எழுதிவைத்த விதியாக அரசு வைத்திருக்கிறது. வேகமும் திறமையும் தங்களுக்கே உரியவை என்று சொல்லிக்கொள்ளும் தனியார் கம்பெனிகள் இதில் அரசு அலுவலகத்துக்குப் பின்னால் நிற்கின்றன.

சோஹோ நிறுவனத்தை உருவாக்கிய ஸ்ரீதர் வேம்பு 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரிப் பதவியை விட்டு, தலைமை விஞ்ஞானி என்ற பொறுப்பை எடுத்துக்கொண்டார். வணிகத்தை நடத்துவதைவிட ஆய்விலும் உருவாக்கத்திலும் உட்காருவது முக்கியம் என்று ஒரு தமிழ்த் தொழிலதிபர் வெளிப்படையாக முடிவெடுத்தது நல்ல முன்மாதிரி. நிறுவனரால் அது முடியும். அவருடைய மதிப்பு பதவிப் பெயரில் இல்லை. முப்பத்தைந்து வயதில், வீட்டுக்கடனோடு இருக்கும் ஓர் ஊழியர் அதே முடிவை எடுத்தால் அவர் சம்பளம் நிற்காமல் ஏறுமா என்பதே கேள்வி.

மேனேஜர்களே வேண்டாம் என்ற பேச்சும் அவ்வப்போது எழும். அதுவும் தவறு. கூகுள் நிறுவனர்கள் 2002இல் பொறியியல் மேனேஜர்களை ஒழித்துப் பார்த்தார்கள். செலவுச் சீட்டிலிருந்து ஆட்களுக்குள் நடக்கும் சச்சரவு வரை எல்லாம் லாரி பேஜ் மேசைக்கே வர, சில மாதங்களில் கைவிட்டார்கள். நல்ல மேனேஜர் அரிய மனிதர். நாலு பேரின் கோபத்தை ஆற்றி, வாடிக்கையாளரின் அவசரத்தைத் தன் மேல் வாங்கிக்கொண்டு, வேலை செய்பவருக்கு நிழல் கொடுப்பவர். அந்த வேலைக்கு மரியாதை உண்டு. அது வேறொரு வேலை. மேலான வேலை அன்று.

வல்லுநருக்கு வழி அடைத்தால் என்ன போகும் என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். சேர்வராயன் மலை நிற்கும் சார்னோகைட் பாறைக்குப் பெயர் வைத்து 1900இல் அதைப் பற்றி விரிவாக எழுதியவர் தாமஸ் ஹாலண்ட். 1903இல் அவரை நிலவியல் துறையின் இயக்குநர் ஆக்கினார்கள். அவரைவிடப் பத்து ஆண்டுகள் மூத்தவரான பிரமத நாத் போஸ் ஒதுக்கப்பட்டார். ஹாலண்ட் தகுதியானவரே; போஸுக்குத் தடையாக நின்றது அவர் இந்தியர் என்பது. போஸ் வேலையை விட்டார். மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் கோருமஹிசானி இரும்புத்தாதுவைக் கண்டறிந்து, 1904 பிப்ரவரி 24 அன்று ஜாம்ஷெட்ஜி டாடாவுக்குக் கடிதம் எழுதினார். டாடா இரும்பு ஆலை 1907இல் நிறுவனமானதற்கு அந்தக் கடிதம் வழிகாட்டியது. அவரைத் தடுத்தது நிறவெறி. இன்றைய கம்பெனிகளில் தடுப்பது ‘ஆட்களை நடத்தவில்லையே’ என்ற ஒற்றை வரி. காரணம் வேறானாலும், வாசலில் நடப்பது ஒன்றுதான்: வேலை தெரிந்தவர் வெளியே போகிறார், அவர் தலைக்குள் இருந்ததும் கூடவே போகிறது.

வேலைக்குச் சேரப்போகும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நேர்காணலின் கடைசியில் ‘உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா’ என்பார்கள். அப்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இங்கே மேனேஜரைவிட அதிகச் சம்பளம் வாங்கும், தனக்குக் கீழே ஒருவர்கூட இல்லாத தொழில்நுட்பக்காரர் யார்? ‘இது பாதுகாப்பில்லை, வெளியிடக் கூடாது’ என்று அவர் சொன்னால் அதை மீறும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? கடைசியாக அவர் அப்படிச் சொன்னபோது என்ன நடந்தது? வரைபடத்தைக் காட்டினால் போதாது. ஆளைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடிந்த கம்பெனியில் சேருங்கள்.